வீட்டைப் பிரித்தால் வகுப்பறையும் பிரியும்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் எழும்பப்போகும் ஓர் அடுக்குமாடி வளாகத்துக்கு இந்த வாரம் முழுப் பக்க விளம்பரம் வந்திருக்கிறது. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கோயில் என்ற வரிசையில் பள்ளிக்கூடமும் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டைத் தாண்டாமலே படித்து முடித்துவிடலாம் என்பதைப் பெரிய வசதியாகச் சொல்லி வீடு விற்கிறார்கள். பக்கத்தில் ஒரு வரைபடம். ஐ.டி. பூங்காக்கள், மருத்துவமனை, மால், வரப்போகும் மெட்ரோ நிலையம் எல்லாம் அதில் உண்டு. பல்லாயிரம் குடும்பங்கள் வாழும் கண்ணகி நகரை மட்டும் காணோம்.

நகரம் மேல்நோக்கி வளர்வதை நாம் எதிர்க்கவில்லை. ஏரியையும் வயலையும் விழுங்கிக்கொண்டு பக்கவாட்டில் பரவுவதைவிட, இருக்கிற மண்ணில் கூடுதல் மாடி கட்டுவதே நல்லது. 2019 கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை, ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தியபோது இந்தப் பக்கத்தில் கண்டனம் எழுத நமக்குத் தோன்றவில்லை. நெருக்கமாகக் குடியிருந்தால் ஐ.டி. ஊழியரின் மகளும் அவர் வீட்டில் சமைக்கும் அம்மாவின் மகளும் ஒரே தெருவில் நடப்பார்கள். ஒரே பள்ளியில் படிக்க வழி பிறக்கும். நெருக்கத்தின் பயனே அதுதான்.

அதைச் செய்துகாட்டிய மாநிலம்தான் இது. 1970-இல் குடிசை மாற்று வாரியத்தைத் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மூன்று மாடி, நான்கு மாடி எழுப்பி, அங்கே இருந்தவர்களையே குடிவைத்தார்கள். மயிலாப்பூரிலும் கடற்கரை ஓரத்திலும் அந்தக் குடியிருப்புகள் இன்றும் நிற்கின்றன. வீடு மாறியது, பிள்ளையின் பள்ளி மாறவில்லை. 2000-க்குப் பிறகு வாரியமே திசை மாறியது. கண்ணகி நகரில் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள், பிறகு செம்மஞ்சேரி, அதற்கும் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000-க்கு மேல். நகரின் மையத்திலிருந்து 20, 25 கிலோமீட்டர் தள்ளி, ஏழைகளை மட்டும், அவர்களில் பெரும்பாலும் தலித் மக்களை, ஒரே இடத்தில் குவித்தோம். அதுவும் அடர்த்தியான வளர்ச்சிதான். பெரும்பாக்கத்தை மிஞ்சும் அடர்த்தி சென்னையில் அதிகம் கிடையாது. அங்குள்ள அரசுப் பள்ளி வகுப்பறையில் வாரியக் குடியிருப்புப் பிள்ளையைத் தவிர வேறு யார் வந்து உட்காரப் போகிறார்கள்?

தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அந்த இடம் கேட்க, வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மயிலாப்பூர் குடிசையில் வாழும் குழந்தைக்கு அந்த ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை நல்ல பள்ளிகள்! அதே குழந்தையைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினால், அந்த வட்டத்தின் பெரும்பகுதியை வாரியக் கட்டடங்களே நிரப்பிவிடும். நாடாளுமன்றம் கொடுத்த உரிமையை லாரியில் சாமான் ஏற்றிய அன்றைக்கே பிடுங்கிவிட்டோம். மயிலாப்பூரின் மாநகராட்சிப் பள்ளியோ பிள்ளைகளை இழக்கிறது. சேர்க்கை குறைந்துவிட்டது, பக்கத்துப் பள்ளியோடு இணைக்கலாம் என்று கோப்பு நகரத் தொடங்கும். பிள்ளைகளைத் துரத்தியது யார் என்ற கேள்விக்கு அந்தக் கோப்பில் இடமிருக்காது.

வீட்டுவசதித் துறை எடுக்கும் முடிவு ஒவ்வொன்றும் பள்ளிக் கல்வித் துறையின் தலையில் விழுகிறது. இரண்டு துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைப் பேசியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நமக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2008-இல் அமலுக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் அருமையான ஒரு விதி இருந்தது. ஒரு ஹெக்டேரை, அதாவது சுமார் இரண்டரை ஏக்கரைத் தாண்டும் குடியிருப்புத் திட்டங்களில் 10 சதவீத நிலத்தை ஒதுக்கி, குறைந்த வருமானக்காரர்களுக்கு 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகள் கட்ட வேண்டும். அதே மனையில் கட்டலாம். இல்லாவிட்டால் 2 கிலோமீட்டருக்குள் கட்டலாம். இந்த விதியை நேர்மையாக நிறைவேற்றியிருந்தால், பழைய மகாபலிபுரம் சாலையின் ஒவ்வொரு பெரிய வளாகத்தின் அருகிலும் ஓட்டுநர்கள், காவலாளிகள், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். அந்த வட்டாரப் பள்ளிகளின் முகமே மாறியிருக்கும். என்ன நடந்தது? வீட்டுக்குப் பதிலாக ‘ஷெல்டர் கட்டணம்’ என்று காசு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அந்தப் பணம் ஏழைகளின் வீட்டுக்குத்தானே போகிறது என்பார்கள். போகட்டும். அந்த வீடு எங்கே எழும்புகிறது? நிலம் மலிவாகக் கிடைக்கும் ஊர் எல்லையில். ஏழை நம் அருகில் குடிவராமல் இருக்க நாம் கட்டும் விலை அது. வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய்.

சிங்கப்பூரில் 1989-இலேயே, அரசு அடுக்குமாடிகளில் எந்த இனத்தவரும் ஒரே கட்டடத்தில் குவியாதபடி விகிதம் நிர்ணயித்தார்கள். அங்கே இனம், இங்கே சாதியும் வருமானமும். செய்ய மனம் இருந்தால் சட்டத்தில் வழி இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நல்ல பள்ளி வேண்டும் என்ற உங்கள் ஆசையில் தவறில்லை. ஆனால் தன்னைப் போன்ற பிள்ளைகளை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு இந்த ஊரைத் தெரியாது. 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தவர் கண்ணகி நகர் கார்த்திகா. முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று அங்குள்ளவர்கள் குமுறிய பெயரை, தன் பெயரோடு சேர்த்து உலகறியச் செய்தார் அந்தப் பெண். அவர் உங்கள் மகளின் வகுப்புத் தோழியாக இருந்திருக்கலாமே!

இன்னொன்றையும் இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்வோம். கல்வியாண்டின் நடுவில் வீடுகளை இடிக்காதீர்கள். தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகர் மக்களைக் கல்வியாண்டின் பாதியில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2022 மே மாதம், பொதுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோதே கோவிந்தசாமி நகரில் புல்டோசர் நுழைந்தது. நீர்வழிகளின் கரையை மீட்பது அவசியம்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளை தேர்வு எழுதி முடிக்கும்வரை அந்தக் கரை காத்திருக்காதா? பள்ளி திறக்கும் நாள் முதல் பொதுத் தேர்வு முடியும் வரை, பள்ளிப் பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டையும் தொடக்கூடாது என்று ஓர் அரசாணை போட ஒரு நாள் போதும்.

2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரித்து வருகிறது. கூடுதல் மாடிக்கு அனுமதி வாங்குகிறவர்கள் 10 சதவீத வீட்டை அங்கேயே கட்டித்தர வேண்டும். காசு கட்டித் தப்பிக்கும் வழியை அடைக்க வேண்டும். ஏழைகளுக்கான புதிய குடியிருப்பு எதற்கும், அதன் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் யாரோடு படிப்பார்கள் என்று பள்ளிக் கல்வித் துறை எழுத்தில் தராமல் ஒப்புதல் தரக்கூடாது. வரைவு வெளியானதும் சட்டப்படி பொதுமக்களிடம் ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்டாக வேண்டும். வாசகர்களே, அந்த நாளைத் தவறவிடாதீர்கள். இந்தக் கோரிக்கைகளை ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு அனுப்புங்கள்.