மலைப் பாதையில் ஹைபிரிட் கார்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதை கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரம் ஏறுகிறது. தை, மாசி மாதங்களின் விடியற்காலையில் நுவரெலியாப் புல்வெளிகளில் உறைபனி வெண்மையாய்ப் படிவதுண்டு.

அத்தகைய காலையொன்றில், பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் காரில் நாம் கண்டிக்குத் திரும்பப் புறப்பட்டோம். நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓயாது இயங்கிற்று. பழுதோ என்று ஐயுற்றோம்; பழுதன்று. குளிர்ந்த எஞ்சின் சூடேறும்வரை இயங்கியே ஆகவேண்டும். குளிரில் பற்றறியும் சற்று மந்தமாகும். ஆகவே பெற்றோல் கூடுதலாகச் செலவாவது இயல்பே.

மெய்யான சோதனை இறக்கத்திலேதான் இருக்கிறது. இறங்கும்போது சக்கரங்களின் சுழற்சி மின்சாரமாகிப் பற்றறியில் சேர்கிறது, வேகமும் அடங்குகிறது. ஆனால், நீண்ட இறக்கத்தில் பற்றறி விரைவில் நிரம்பிவிடும். அதன்பின் பிறேக்கின்மேலேயே பாரம் விழும். இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலைநாட்டு லொறிச் சாரதிகளின் பழைய பாடம். பல ஹைபிரிட் கார்களில் 'பிறேக்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தால் குறிக்கப்பட்ட கியர் நிலையொன்று உண்டு. அதில் இட்டால் எஞ்சினே வேகத்தைத் தடுக்கும். இறக்கம் தொடங்குமுன்பே அதற்கு மாற்றிக்கொள்ளல் நன்று.

மூடுபனி கண்டால் முன்விளக்கைத் தாழ்த்தி மெதுவாக வருவோமாக. பின்னாசனத்தில் குழந்தைகள் உறங்குகிறார்கள். பேராதனைக்கு அரைமணி பிந்தி வந்தாலும் குறைவொன்றுமில்லை.