முந்தியவர் பிந்துவதேன்?

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும்போதெல்லாம் பத்திரிகைகள் ஒரே தலைப்பைப் போடுகின்றன: “இவ்வாண்டும் மாணவிகளே முன்னணி!” 2025-ஆம் ஆண்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் பெண்கள் 91.64 விழுக்காடும் ஆண்கள் 85.70 விழுக்காடும் தேறினர். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ தேர்விலும் பெண்கள் 96.70, ஆண்கள் 93.16.

இந்த முதன்மை பள்ளி வாயிலோடு நின்றுவிடுவதேன்? 2016-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் இளநிலை வகுப்புகளில் சேர்ந்தவர்களுள் பெண்கள் ஏறத்தாழ 8 விழுக்காடே. நண்பர் சிலர் இதற்கு எளிதாக விடை கூறிவிடுகிறார்கள். “பெண்கள் நெட்டுருப் போடுவதில் வல்லவர்கள்; சிந்தித்து எழுத வேண்டிய தேர்வில் பின்தங்கிவிடுவார்கள்” என்பதே அவ்விடை.

அறிவியல் பயில்வோர் எக்கூற்றையும் சோதித்துப் பாராமல் ஏற்கலாகாது. சோதனையும் நடந்தேறிவிட்டது. 2018 முதல் அக்கழகங்கள், ஏற்கெனவே இருந்த இடங்களைக் குறைக்காமல், பெண்களுக்கெனக் கூடுதல் இடங்களை ஏற்படுத்தின. அவ்விடங்களைப் பெற்றவர்களும் அதே நுழைவுத் தேர்வை எழுதித் தேறியவர்களே. 2020-இல் பெண்களின் பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடாயிற்று. நான்கே ஆண்டுகளில் பெண்களின் மூளை மாறிவிட்டதா? அடைத்திருந்த கதவு சற்றே திறந்தது, அவ்வளவுதான்.

அக்கதவு பழைய கதவு. 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர விழைந்த கமலா பாகவத்துக்கு, பெண் என்ற காரணத்தாலேயே சர் சி. வி. இராமன் முதலில் இடம் மறுத்தார். கமலா விடாது போராடி, ஓராண்டுச் சோதனை நிபந்தனையுடன் சேர்ந்தார். 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்றார். கமலா சோஹோனி என்று இன்று நாம் போற்றுபவர் அவரே.

இன்று அவ்வாறு முகத்துக்கு நேரே மறுப்பவர் அரியர். மறுப்பு வீட்டுக்குள் குடிபுகுந்துவிட்டது. எங்கள் வீட்டில் அண்ணனை நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்பக் கடன் வாங்கினார்கள். அவரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்ற எனக்கு, “பக்கத்துக் கல்லூரி போதும், அம்மா” என்றார்கள். அதில் வன்மம் இல்லை, அன்பே இருந்தது. ஆயினும் அந்த அன்பு என் வழியை மறித்தது. பட்டம் பெற்ற பின்னர், மூன்று மாதம் வாதாடித்தான் நான் தில்லி வந்து சேர்ந்தேன். வாதாட இயலாத தங்கையர் எத்தனை பேரோ!

பெருமூச்சு விடுவதோடு நம் சங்கம் நின்றுவிடலாமா? இத்தலைநகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் ஏழு உள்ளன. அவற்றில் பயிலும் மேல்வகுப்பு மாணவியருக்கு ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கணிதமும் இயற்பியலும் கற்பிக்க நம்மால் இயலாதா? கட்டணம் இல்லையென்றால் பெற்றோர் மறுக்க ஒரு காரணம் குறையும். அவர்களோடு உட்கார்ந்து பேச நமக்கும் ஒரு வாய்ப்புக் கிட்டும்.

இயற்பியல் வகுப்பை நான் ஏற்கிறேன். கணிதத்துக்கு யார் வருகிறீர்கள்?