கேட்பதா, விடுவதா?

கடதாசி விளையாட்டைப் பற்றிக் குடும்பப் பகுதியில் எழுதலாமோ என்று முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்தம் அச்சம் காரணமற்றதன்று. பணயம் வைத்தாடிக் குடிகெடுத்தோர் கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆயினும், பணயமின்றி நால்வர் கூடியிருந்து ஆடும் பிரிட்ஜ் என்னும் ஆட்டம் அறிவுக்குப் பயிற்சியாவது என்பதில் ஐயமில்லை. அவ்வாட்டத்திலே புதிதாகப் புகுந்தோர் பெரிதும் இடர்ப்படுவது கடதாசியை இறக்கும்போதன்று, கேள்வி கேட்கும்போதுதான். எதுவரை கேட்பது, எங்கே விடுவது என்னும் அதனையே இவ்வாரம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

304 ஆடிப் பழகிய வீடுகளிற் கேள்வி என்பது புதிய சொல்லன்று. அங்கே ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என ஓரினத்துக்கு 76 புள்ளி, நான்கினத்துக்கும் 304. முதல் நான்கு கடதாசிகளைப் பார்த்தவுடன் கேட்டுவிட வேண்டும். மற்றை நான்கும் பின்னரே வரும். வரப்போவதை நம்பிக் கேட்கும் அத்துணிவிலேதான் அவ்வாட்டத்தின் சுவை தங்கியிருக்கின்றது. பிரிட்ஜிலோ 13 கடதாசிகளும் முன்னரே நம் கைக்கு வந்துவிடுகின்றன. நாம் அறியாதது எதிரே இருக்கும் கூட்டாளியின் கை. அதனை அறியவும் நம் கையை அவர்க்கு அறிவிக்கவும் விதி அனுமதிக்கும் ஒரே வாயில் கேள்வியாகும். முகக்குறியோ செருமலோ உதவுதல் கூடாது.

ஆட்டத்தில் மொத்தம் 13 பிடிகள். முதல் ஆறு பிடிகள் கேள்வியிற் சேரா. ஆகவே 'நாலு ஸ்பேட்' என்று கேட்டவர், ஸ்பேட்டைத் துரும்பாக்கிப் பத்துப் பிடிகள் பிடிப்பதாக வாக்களிக்கின்றார். பழைய 'ஒக்ஷன் பிரிட்ஜ்' ஆட்டத்தில் இரண்டு கேட்டு நான்கு பிடித்தாலும் நான்கும் 'கேம்' கணக்கில் ஏறும். அதனாற் குறையக் கேட்டவர்க்கு நட்டமில்லை. 1925ஆம் ஆண்டிலே 'பின்லண்ட்' என்னும் கப்பலிற் பயணஞ் செய்த அமெரிக்கச் செல்வர் ஹரல்ட் வன்டர்பில்ட், கேட்ட அளவே கேம் கணக்குக்கு ஏறும் என்ற விதியோடு புதிய புள்ளிமுறையொன்றை வகுத்தார். 'கொன்ட்ராக்ட் பிரிட்ஜ்' உலகெங்கும் பரவியது அதன் பின்னரே. கேள்விக்கு இத்துணை மதிப்பு ஏற்பட்டதும் அன்று முதற்றான்.

மதிப்புடன் பூசலும் வந்தது. 1929ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் கன்சாஸ் நகரில், ஜோன் பெனெற் என்பவரும் அவர் மனைவி மேர்ட்டிலும் அயல்வீட்டுத் தம்பதியருடன் பிரிட்ஜ் ஆடினர். கணவர் 'ஒரு ஸ்பேட்' என்று தொடங்கினார். எதிர்ச்சோடியில் ஒருவர் 'இரண்டு டயமன்ட்' என்றார். மனைவியார் 'நாலு ஸ்பேட்' என்று உயர்த்தினார். ஆட்டம் தோற்றது. குறைகூறல் வசையாயிற்று, கணவர் மனைவியைக் கன்னத்தில் அறைந்தார், மனைவியார் துப்பாக்கியை எடுத்து வந்தார். அன்றிரவே பெனெற் இறந்தார். 1931இல் முடிந்த வழக்கில் மேர்ட்டில் குற்றவாளியல்லர் என விடுவிக்கப்பட்டார்.

அன்றைய கைகள் எனச் சில கடதாசிகள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. அவை மெய்யாகவே அம்மேசையில் இருந்தவைதாம் என்பதற்குத் தக்க சான்றில்லை. எனினும் நம் ஆராய்ச்சிக்கு அவை மிகவும் பொருத்தமானவை. கணவர் கை: ஸ்பேட்டில் இராசா, ஜாக், 9, 8, 5; ஹாட்டில் இராசா, 7, 6, 2; டயமன்ட்டில் 8, 5; கிளப்பில் இராசா, 10. மனைவியார் கை: ஸ்பேட்டில் ஏஸ், 10, 6, 3, ஹாட்டில் 10, 8, 5, டயமன்ட்டில் தனி 4, கிளப்பில் ஏஸ், 9, 8, 4, 2.

ஏஸுக்கு 4, இராசாவுக்கு 3, இராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என எண்ணும் முறையை மில்டன் வேர்க்கும், பின்னர் 1949 அளவிற் சாள்ஸ் கோரனும் எங்கும் பரப்பினர். கட்டு முழுவதற்கும் 40 புள்ளி. தொடங்குதற்கு 12 அல்லது 13 வேண்டும். இருவர் கையிலும் ஏறத்தாழ 26 இருப்பின் நாலு ஸ்பேட் கேட்கலாம். இவ்வளவுகோலை வைத்துப் பார்க்குங்கால் கணவர்க்கு 10 புள்ளியே உண்டு. ஒரு ஏஸேனும் இல்லை. தொடங்கியது தகாது. மனைவியார் கையில் 8 புள்ளியே எனினும், நான்கு துரும்புகளும் தனி டயமன்ட்டும் இரண்டு ஏஸ்களும் உள. கூட்டாளி 13 புள்ளியோடு தொடங்கினார் என நம்பியவர் அக்கையோடு நான்கு கேட்டது, சற்றே துணிச்சலெனினும், பிழையென்று சொல்லுதற்கில்லை.

இனி வியப்பைக் கேளுங்கள். இவ்விரு கைகளையும் மேசையில் விரித்து, எதிர்ச்சோடி முதலில் டயமன்ட் ஏஸையும் அடுத்துக் கிளப் ஜாக்கையும் இறக்குவதாக வைத்து ஆடிப் பாருங்கள். ஸ்பேட் இராணி இடப்புறத்தாரிடம் இருப்பதைச் சரியாக ஊகித்து, கிளப் இனத்தை வளர்த்துக்கொண்டால், பத்துப் பிடிகளும் கிடைக்கும். தொடக்கக் கேள்வி பிழை, ஆயினும் வெல்லத்தக்க ஆட்டம், தோற்றது ஆடியவிதத்தால்.

கணிதவியற் பரீட்சையில் வழி முழுதும் பிழையாயிருக்க விடை மாத்திரம் சரியாக வந்துவிடும் மாணவனை ஆசிரியர்கள் அறிவோம். வழி சரியாயிருக்கக் கடைசிக் கூட்டலில் தவறியவனையும் அறிவோம். புள்ளியிடுபவர் வழிக்கே பெரும் புள்ளி வழங்குவர். பிரிட்ஜ் மேசையிலோ எல்லோரும் விடையை மாத்திரம் பார்க்கின்றனர். பத்துப் பிடி வந்தால் கேட்டவர் மேதை. ஒன்பது வந்தால் மூடர். கேட்டவர் கேட்ட வேளையில் எதனை அறிந்திருந்தார், அவ்வறிவுக்கு அக்கேள்வி ஏற்றதா என்பதே விசாரிக்கத்தக்கது. எதிர்க்கையில் ஸ்பேட் இராணி எங்கே கிடந்தது என்பது அவர் அறிந்திருக்க இயலாத ஒன்று.

அறிந்திருக்கத்தக்கது ஒன்றுண்டு, அதுதான் விலை. இதனைப் பெரும்பாலோர் கணக்கிட்டுப் பார்ப்பதேயில்லை. போட்டிகளில் வழங்கும் புள்ளிமுறையை எடுத்துக்கொள்வோம். நாம் 'வல்னரபிள்' என்னும் அபாய நிலையில் இருக்கின்றோம். மூன்று ஸ்பேட்டோடு நிறுத்துவதா, நான்கு கேட்பதா? நான்கு கேட்டுப் பத்துப் பிடி பிடித்தால் 620. மூன்று கேட்டுப் பத்துப் பிடித்தால் 170. ஆகவே துணிந்தவர்க்கு ஊதியம் 450. நான்கு கேட்டு ஒன்பதே பிடித்தால் 100 நட்டம். மூன்று கேட்டு ஒன்பது பிடித்திருப்பின் 140 வரவு. ஆகவே தவறியவர்க்கு இழப்பு 240. இத்தகைய கைகள் பத்தில் நான்கு வென்று ஆறு தோற்றதாகக் கொள்ளுங்கள். வரவு 1800, செலவு 1440. ஆறு முறை தோற்றும் 360 மிஞ்சுகின்றது! மூன்றிலொரு பங்குக்குச் சிறிது கூடுதலான வாய்ப்பு இருந்தாலே கேட்பது முறை என்பது இதன் பொருள். அபாய நிலையில் இல்லாதபோது ஊதியம் 250, இழப்பு 190. அப்பொழுது நூற்றுக்கு 43 வரை வாய்ப்பு வேண்டும். ஆறு பேசி 'ஸ்லாம்' கேட்பதற்குப் பாதி வாய்ப்பும், ஏழு கேட்பதற்கு மூன்றில் இரண்டும் தேவை. ஏழு கேட்க ஆசைப்படுவோர் இக்கடைசி எண்ணைச் சற்று நின்று நோக்குவார்களாக.

மூன்றிலொரு பங்கு வாய்ப்பு எவ்வாறு தெரியும் என்பீர்கள். ஓர் இராசா வலப்புறமா இடப்புறமா என்ற ஒன்றையே நம்பிய ஆட்டத்துக்கு வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. அபாய நிலையில் தாராளமாகக் கேட்கலாம். இரண்டு இராசாக்களும் நாம் விரும்பிய பக்கத்திலேயே இருக்க வேண்டுமெனில் வாய்ப்பு காற்பங்கு, விட்டுவிடுதல் நன்று. மேசையில் இதற்கு மேல் நுணுக்கமாக எண்ணுவோர் அரியர், எண்ணவுந் தேவையில்லை.

புள்ளிகளை எண்ணுவதிலும் ஒரு மயக்கம் உண்டு. கூட்டாளி ஒரு ஸ்பேட் என்று தொடங்க நாம் இரண்டு என்றோம். அவர் மூன்று என்று அழைக்கின்றார். 'உன் கை சிறந்ததாயின் நான்குக்குப் போ' என்பதே அவ்வழைப்பின் பொருள். முதற் கையைப் பாருங்கள்: ஸ்பேட் இராசா, 8, 4, ஹாட் இராணி, ஜாக், 5, டயமன்ட் ஜாக், 7, 3, 2, கிளப் ஜாக், 6, 4. எட்டுப் புள்ளி. மற்றைக் கை: ஸ்பேட் இராசா, 8, 4, 2; ஹாட் ஏஸ், 7, 3; டயமன்ட் 9, 6, 5, 3, 2; கிளப் தனி 4. ஏழு புள்ளி. எண்ணை மாத்திரம் நம்புவோர் முதற் கையோடு நான்குக்குப் போய், இரண்டாங் கையோடு நின்றுவிடுவர். உண்மை நேர்மாறானது. முதற் கையில் சிதறிக் கிடக்கும் ஜாக்குகள் பிடி தருவது கூட்டாளி கையின் தயவால்தான். இரண்டாங் கையிலுள்ள ஏஸ் எங்கும் ஒரு பிடி; துரும்பு இராசா உறுதுணை; தனிக் கிளப்போ இரண்டாஞ் சுற்று முதல் துரும்பு வெட்டுதற்கு வாயில். இக்கையோடு முதலிலேயே இரண்டுக்கு மேற் கேட்டிருக்கலாம் என்பாரும் உளர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

எதிர்ச்சோடியின் கேம் கேள்வியைத் தடுக்கத் தோல்வியை அறிந்தே கேட்பதொரு முறையும் உண்டு. அவர்கள் அபாய நிலையிலிருந்து நாலு ஸ்பேட் ஆடி வென்றால் 620 போகும். அபாய நிலையில் இல்லாத நாம் ஐந்து டயமன்ட் கேட்டு, அவர்கள் 'டபிள்' சொல்ல, மூன்று பிடி குறைந்தால் 500. இதனால் 120 மிச்சம். நான்கு குறைந்தால் 800, 180 நட்டம். அபாய நிலையில் நாமே இருப்பின் இரண்டு குறைந்தாலே 500. ஆனால் இக்கணக்கு முழுவதும் அவர்களுடைய நாலு ஸ்பேட் நிச்சயமாக வெல்லும் என்ற ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கின்றது. அது தோற்கவிருந்த கேள்வியாயின், வரவிருந்ததைக் கைநழுவவிட்டு 300ஐயோ 500ஐயோ நாமே காணிக்கை வைத்தவராவோம்.

இங்கே 1969இல் பிரான்சு நாட்டினரான ஷான் ரெனே வேர்ன் வெளியிட்ட ஒரு நியதி உதவுகின்றது. நம் சோடியிடம் துரும்பு எத்தனையோ அத்தனை பிடிகள் வரை போட்டிக் கேள்வியில் ஏறலாம் என்பது அந்நியதியிலிருந்து பெறப்படும் எளிய வழக்கு. ஒன்பது துரும்பு எனில் மூன்று வரை. பத்து எனில் நான்கு வரை. இதுவும் துணையேயன்றிக் கட்டளையன்று.

இவையெல்லாம் ஒருவர் தனித்துச் செய்யும் கணக்குகள். கூட்டாளியோ தனித்தவரல்லர். 1931ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க்கில் ஈலி கல்பேட்சனும் சிட்னி லென்ஸும் தத்தம் கேள்விமுறையே சிறந்ததென நிறுவ 150 ரப்பர்கள் ஆடப் புகுந்தனர். கல்பேட்சனின் முதன்மைக் கூட்டாளி அவர் மனைவியார் ஜோசபின். லென்ஸின் கூட்டாளி, பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற இளைஞர் ஒஸ்வால்ட் ஜேக்கபி. நூறு ரப்பர்களுக்கு மேல் ஆடியபின், ஆட்டத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டால் ஜேக்கபி மேசையைவிட்டு விலகினார். 1932 ஜனவரியில் கல்பேட்சன் பக்கம் 8,980 புள்ளிகளால் வென்றது. கேள்விமுறைகளில் எது சிறந்தது என்ற வாதம் அதனோடு தீர்ந்துவிடவில்லை. எனினும், நடுவிலே கூட்டாளியை இழந்த பக்கம் எதுவென்பதை எல்லோரும் கண்டனர்.

ஆதலாற் கேள்வியில் ஓரொழுங்கைக் கைக்கொள்க. நம் கையின் வலிமையை ஒரு கேள்வியால் முழுதுஞ் சொல்லிவிட்டோமாயின், புதிதாக ஏதும் சொல்லுதற்கின்றி மறுபடி கேட்டல் வேண்டா. சொல்லக் கேட்டவர் கூட்டாளி, முடிவும் அவருடையது. அவர் 'பாஸ்' என்றால், நம் கையையும் தம் கையையும் சேர்த்துப் பார்த்தே அவ்வாறு சொன்னார் என்க.

மாணவ நேயர்க்கு ஒரு கை தருகின்றேன். எதிர்ச்சோடி அபாய நிலையில். நாம் அந்நிலையில் இல்லை. நம் கையில் ஸ்பேட் தனி 8. ஹாட் 7, 4. டயமன்ட் இராசா, இராணி, 9, 6, 3. கிளப் 10, 8, 6, 5, 2. கூட்டாளி ஒரு டயமன்ட் என்றார், வலப்புறத்தார் ஒரு ஸ்பேட், நாம் தடுப்பாக மூன்று டயமன்ட் என்று பாய்ந்தோம், இடப்புறத்தார் நாலு ஸ்பேட், கூட்டாளி பாஸ், வலப்புறத்தாரும் பாஸ். இப்பொழுது முறை நம்முடையது. ஐந்து டயமன்ட் கேட்பதா, விடுவதா? 500, 800 என்ற கணக்குகளையும் பிறவற்றையும் நினைவிற் கொண்டு, முடிவைக் காரணத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிறு நாற்கைகளையும் விரித்துப் பார்ப்போம்.