தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாமா?

நம் புனே நகருக்குக் கடல் கிடையாது. கடல் பார்க்க ஆசைப்பட்டால் காட் இறங்கி அலிபாக்கிற்கோ மும்பைக்கோ போக வேண்டும். அதனால்தானோ என்னவோ, கடலில் பிளாஸ்டிக் குப்பை சேருகிறது என்ற செய்தியைப் பத்திரிகையில் பார்த்தால், "அது கடற்கரை ஊர்க்காரர்கள் கவலை" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அவ்வளவு சுலபமாகப் புரட்டிவிட முடியாது என்பதற்கு நம் ஊர் நதியே சாட்சி.

சங்கம் பாலத்தருகே முளாவும் முட்டாவும் கூடி, பண்ட் கார்டனைத் தாண்டிக் கிழக்கே ஓடுகின்றன. பிறகு பீமாவில் கலக்கின்றன. பீமா உஜனி அணையில் தேங்கி, பண்டரிபுரத்தில் சந்திரபாகா என்ற பெயருடன் விட்டலன் சன்னதியைத் தொட்டு, கர்நாடகத்தில் புகுந்து கிருஷ்ணா நதியில் சேருகிறது. கிருஷ்ணா ஸ்ரீசைலம், நாகார்ஜுனசாகர், விஜயவாடா என்று நடந்து ஹம்சலதீவி அருகே கடலை அடைகிறது. எந்தக் கடல்? மேற்கே நமக்குப் பக்கத்தில் இருக்கும் அரபிக் கடல் அல்ல, வங்காள விரிகுடா! மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் நம் உறவினர்கள் கால் நனைக்கிறார்களே, அதே கடல். புனேத் தண்ணீர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து நம் தாய்வீட்டுக் கடலுக்குத்தான் போய்ச் சேருகிறது.

நாம் வீசும் ஒவ்வொரு பையும் அவ்வளவு தூரம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். வழியில் இத்தனை அணைகள் இருக்கின்றன. பெரும்பகுதி கரையோர முட்செடிகளிலும், மதகுகளிலும், அணையின் அடிச்சேற்றிலும் தங்கிவிடும். ஆனால் தங்கிவிட்டது என்பதால் அது மறைந்துவிட்டது என்று பொருளல்ல. வெயிலிலும் நீரிலும் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகளாகி, மறுபடியும் தண்ணீரோடு கிளம்பிவிடுகிறது. ஆஷாட மாதத்தில் ஞானேசுவரர், துக்காராம் பாதுகைகளைச் சுமந்து நம் தெருக்கள் வழியாகவே பண்டரிபுரம் போகிற வார்க்கரிகளுக்கு நாம் தண்ணீரும் பழமும் கொடுத்து உபசரிக்கிறோம். அவர்கள் போய் நீராடுகிற சந்திரபாகாவிற்கு நாம் என்ன அனுப்பி வைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டாமா?

ஐயமிருப்பவர்கள் மழைக்காலத்தில் பிடே பாலத்தருகே போய்ப் பார்க்கலாம். கடக்வாஸ்லாவில் தண்ணீர் திறந்துவிட்டால் முதலில் மூழ்குவது அந்தப் பாலம்தான். வெள்ளம் வடிந்த பிறகு ஓரத்துச் செடிகொடிகளில் கந்தலாகத் தொங்குவது எல்லாம் பாலிதீன். அவை நதியில் முளைத்தவை அல்ல, வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் விழா மண்டபங்களிலிருந்தும் புறப்பட்டு வந்தவை.

உலகக் கணக்கு இதைவிடப் பெரிது. ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் டன் பிளாஸ்டிக் கடலில் சேருவதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி நிலத்திலிருந்து போவதுதான். ஜெல்லி மீன் என்று எண்ணிப் பையை விழுங்கும் கடலாமைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆமையோடு விஷயம் முடியவில்லை. நம் நாட்டுச் சமையல் உப்பில் பிளாஸ்டிக் துகள் இருப்பதை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் எடுத்துக்காட்டினார்கள். 2022இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் மனித இரத்தத்திலேயே அதைக் கண்டார்கள். கடலுக்கு அனுப்பியது சாம்பார் வழியாகத் திரும்பி வருகிறது என்று சொன்னால் மிகையில்லை.

சரி, கடலைச் சுத்தம் செய்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். செய்தவர்கள் இருக்கிறார்கள். மும்பை வெர்சோவா கடற்கரையில் 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற இளம் வழக்கறிஞர், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு குப்பை அள்ளத் தொடங்கினார். வாரந்தோறும் ஆட்கள் சேர்ந்தார்கள். பல லட்சம் கிலோ குப்பை அகற்றப்பட்டது. 2016இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. 2018 மார்ச்சில் அந்த மணலில் ஆமைக் குஞ்சுகள் பொரிந்து கடலை நோக்கி நகர்ந்தபோது மும்பையே வியந்தது. இதைப் படித்து மகிழாதவர் யார்?

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்திலும், பெரிய அலை எழும் நாட்களில், மும்பைக் கடல் தன் வயிற்றில் உள்ளதைக் கரையில் கக்குகிறது. அள்ளிய இடத்திலேயே மறுபடி அள்ள வேண்டியிருக்கிறது. சாக்கடையும் ஓடையும் நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருந்தால் கரையில் நிற்பவர் என்னதான் செய்வார்? 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, மும்பையின் வடிகால்களை அடைத்துக்கொண்டவற்றில் பிளாஸ்டிக் பைகளும் இருந்தன என்பதை அந்த ஊரில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அள்ளவே முடியாத குப்பையும் உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து, ஜூன் தொடக்கத்தில் மூழ்கியது. அதிலிருந்து ஆயிரம் டன்னுக்கும் அதிகமான பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டியது. பயறு அளவுகூட இல்லாத அந்த மணிகள்தாம் எல்லாப் பிளாஸ்டிக் சாமான்களுக்கும் மூலப்பொருள். 2025 மே மாதம் கொச்சி அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது அதே போன்ற குருணை கேரளக் கரையிலும், நம் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கியது. மணலைச் சல்லடையில் சலித்துச் சலித்துப் பொறுக்கினார்கள். அரிசியில் கல் பொறுக்கலாம். கடற்கரை முழுவதையும் முறத்தில் போட்டுப் புடைக்க முடியுமா?

அதனால்தான் கேட்கிறேன்: தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாமா? கடற்கரையில் குப்பை அள்ளுவது வாலைப் பிடிக்கும் வேலை. தும்பு நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது.

அந்தத் தும்பைப் பிடித்துக் காட்டிய ஊர் நம் புனே என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. குப்பை பொறுக்கிப் பிழைத்த பெண்களை ஒன்றுதிரட்டி, பாபா ஆடாவ் அவர்களின் வழிகாட்டலில், 1993இல் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து என்ற தொழிற்சங்கம் இங்கே பிறந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்குவோர் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்விப் பிரிவினர் இதற்குத் தோள் கொடுத்தார்கள். அந்தச் சங்கத்திலிருந்து 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு உருவாகி, 2008இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. இன்று நம் வாசலுக்கு வந்து குப்பை வாங்கிப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதன் உறுப்பினர்கள்தாம். வீடுகள் தரும் மாதக் கட்டணமும், பிரித்தெடுத்து விற்கும் காகிதம், பாட்டில் முதலியவற்றின் விலையுமே அவர்கள் வருமானம்.

அவர்களை இங்கே 'தாயி' என்று அழைக்கிறோம். மராத்தியில் அதற்கு அக்கா என்று பொருள். நம் கிராமத்துத் தமிழிலோ அது தாயையே குறிக்கும். இரண்டு மொழியிலும் மரியாதையான சொல். ஆனால் அந்தச் சொல்லுக்குரிய மரியாதையை நம் குப்பைக் கூடை காட்டுகிறதா? ரசம் சொட்டும் சோற்றுப் பருக்கைகள், பால் கவர், உடைந்த கண்ணாடி, குழந்தையின் டயப்பர் எல்லாவற்றையும் ஒரே பையில் முடிந்து வாசலில் வைக்கிறோம். அதை அவர் வெறுங்கையால் பிரிக்க வேண்டும். எச்சில் பட்ட பிளாஸ்டிக்கைப் பழைய சாமான் கடைக்காரர் வாங்குவதில்லை. வாங்காதது குப்பை மேட்டுக்குப் போகிறது, காற்றில் பறந்ததும் மழையில் கரைந்ததும் நதிக்கு வருகிறது. புனேயின் குப்பையைப் பல ஆண்டுகள் சுமந்த உருளி தேவாச்சி, புர்சுங்கி கிராமத்தார் எத்தனை முறை லாரிகளை மறித்துப் போராடினார்கள் என்பதைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். நம் வீட்டுச் சோம்பலின் நாற்றத்தை அவர்கள் சுவாசித்தார்கள்.

'ஓலா', 'சுக்கா' என்று ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் தனித்தனியே வைப்பது பெரிய வேலையா? பால் கவரை ஒரு தரம் அலசிக் காயப்போட எவ்வளவு நேரம் ஆகும்? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கை உருக்கி ஜல்லியின் மேல் பூசித் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து, 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். நம் தமிழர் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் அவருடைய சாலைக்கும் சுத்தமான, உலர்ந்த பிளாஸ்டிக்தான் வேண்டும். சாம்பாரில் ஊறிய பையை வைத்துக்கொண்டு அவரால் என்ன செய்ய முடியும்?

சட்டம் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. மகாராஷ்டிரம் 2018இல் தடை போட்டது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்து, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, தம்ளர், ஸ்பூன், உறிஞ்சுகுழல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. அப்படியும் கறிவேப்பிலைக்கு ஒரு பை, கொத்துமல்லிக்கு ஒரு பை என்று மண்டியிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

குற்றம் முழுவதும் குடும்பத் தலைவிகள் மேல்தானா என்று சகோதரிகள் கோபிப்பது காதில் விழுகிறது. நியாயமான கோபம். சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு வரும் பளபளப்பான உறைகள் பல அடுக்குப் பிளாஸ்டிக்காலும் அலுமினியத்தாலும் ஆனவை. எவ்வளவு அலசிக் காயவைத்தாலும் அவற்றை வாங்குவார் அரிது. இதற்குத் தயாரித்தவர்தாம் பொறுப்பேற்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. எக்ஸ்-பிரஸ் பேர்ல் வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2025இல் நூறு கோடி டாலர் இழப்பீடு கட்டச் சொன்னதும் அந்த நியாயத்தின்படிதான். உலக அளவில் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று 2022இல் நைரோபியில் தீர்மானித்தார்கள். 2024இல் பூசானிலும், 2025இல் ஜெனீவாவிலும் கூடிப் பேசியும் உடன்பாடு வரவில்லை. பெரியவர்கள் பேசி முடிக்கட்டும். அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

நம் கையில் இருப்பது எது? நம் விழாக்கள். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நவராத்திரி என்று முந்நூறு பேர் கூடுகிறோம். தலைக்கு ஒரு தட்டு, இரண்டு தம்ளர், ஒரு ஸ்பூன், ஒரு தண்ணீர் பாட்டில் என்று வைத்தால் ஒரே மாலையில் 1,500 உருப்படிகள்! தமிழ்ப் பண்பாட்டைக் காக்கக் கூடிய கூட்டம் கலைந்ததும் மண்டபத்தின் பின்புறத்தைப் பார்த்தால் பண்பாடு தெரிவதில்லை.

"காகிதத் தம்ளருக்கு மாறிவிட்டோமே" என்பார்கள் சிலர். அதன் உட்புறத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சூடான பானத்தை அதில் கால் மணி நேரம் வைத்தால் ஆயிரக்கணக்கான துகள்கள் கலப்பதாக கரக்பூர் ஐ.ஐ.டி. 2020இல் கண்டறிந்தது. "வாழை இலை இங்கே விலை அதிகம்" என்பார்கள். உண்மைதான். ஆனால் நம் தையல் இலையும் தொன்னையும் இங்கே பத்ராவளி, துரோண் என்ற பெயரில் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் பூசாததாகப் பார்த்து வாங்கினால் போதும். "எவர்சில்வர் என்றால் யார் கழுவுவது?" என்பதுதான் கடைசிக் கேள்வி, கடினமான கேள்வியும் கூட. அந்த வேலையையும் பெண்கள் தலையிலேயே கட்டினால் இந்த யோசனை ஒரு விழாவோடு செத்துவிடும். எனவே கழுவுவதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். அதற்கான செலவை விழாக் கணக்கில் சேர்க்க வேண்டும். மேடை அலங்காரத்தில் கொஞ்சம் குறைத்தால் அந்தப் பணம் கிடைத்துவிடும்.

நிர்வாகக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இதுதான். சங்கத்திற்கென்று முந்நூறு எவர்சில்வர் தட்டும் தம்ளரும் வாங்கி வைப்போம். அங்கத்தினர் வீட்டு விசேஷங்களுக்கும் சிறு வாடகைக்குக் கொடுத்தால் சில ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். தண்ணீருக்குக் குடம் வைப்போம், பாட்டில் வேண்டாம். தாம்பூலப் பையைத் துணியில் தைப்போம். மஞ்சப்பையைப் பார்த்துப் பட்டிக்காடு என்று சிரித்த காலம் போய்விட்டது. விழா முடிந்ததும் குப்பையைப் பிரித்து, அன்று வேலை செய்யும் தாயிமாருக்கு உரிய பணமும், பந்தியில் உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாடும் கொடுப்போம். இந்த ஊர் நமக்குச் சோறு போட்டது. அதன் நதிக்கு நாம் செய்யும் கைம்மாறு இதுவாக இருக்கட்டும்.

வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர அன்பர்கள் ஆதரவு தர வேண்டும். எதிர்க்க நினைப்பவர்களும் வாருங்கள், பேசித் தீர்ப்போம். அதற்கு முன்பாக, நாளைக் காலை பால் கவரை அலசிக் காயப்போட்டு, தாயி வரும்போது தனியாகக் கொடுங்கள். அதற்குப் பொதுக்குழுவின் அனுமதி தேவையில்லை.