உணரி எங்கே வேண்டும்?



ரோபோ செய்ய முனையும் நம்மில் பலர் முதலில் கேட்பது, "எத்தனை சென்சார் பொருத்தலாம்?" என்பதே. சென்சார் எனப்படும் உணரிகள் பெருகினால் இயந்திரத்தின் அறிவும் பெருகும் என்று எண்ணுகிறோம். இது சரிதானா?

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் குழு ஒரு சிறு வண்டி செய்தது. அது மேசை வரை ஓடி நிற்க வேண்டும். உணரி ஏதுமின்றி, நான்கு விநாடி ஓடுமாறு கட்டளை எழுதினோம். காலையில் சரியாக ஓடியது. பிற்பகலில் பேட்டரி தளர்ந்து, பெற்றோர் கண்முன்னே பாதி வழியில் நின்றுவிட்டது!

அந்த வெட்கத்தில், அடுத்த முறை இரண்டு உணரிகளை வாங்கிப் பொருத்தினோம. தரைக்கோட்டைக் காணும் அகச்சிவப்பு உணரி சன்னல் வெயிலில் தடுமாறியது. எதிரொலியால் தொலைவை அளக்கும் உணரியோ, மேசைவிரிப்புத் துணி ஒலியை உறிஞ்சியதால் ஏமாந்தது. அப்பா தந்த பணமும் வீணாயிற்று.

விடை புள்ளலூரில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதால், தொட்டி இத்தனை நிமிடத்தில் நிரம்பும் என்று சொல்ல இயலாது. ஆனால் நீர் உயர்ந்ததும் மிதவை மேலெழுந்து மோட்டாரை நிறுத்திவிடும். அதைப் பார்த்து, வண்டியின் முன்புறம் ஒரு சிறிய பொத்தானை வைத்தோம். மேசையில் பட்டதும் வண்டி நின்றது.

ஆகவே என் கருத்து இதுதான்: ஒவ்வொரு முறையும் மாறக்கூடியது எதுவோ, அதை அறியவே உணரி வேண்டும். அதிலும் எளியதே சிறந்தது.

பெரியோரும் இப்படித்தான் செய்தனர். 2019-இல் சந்திரயான்-2 தரையிறங்கத் தவறியது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 கலத்தில், இறங்கும் வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதே சமயம், ஐந்து என்ஜின்கள் நான்காகக் குறைக்கப்பட்டன. 2023 ஆகஸ்டு 23 அன்று அது நிலவில் இறங்கியது. தேவையானதைச் சேர்ப்பதும் வேண்டாததை நீக்குவதும் அறிவே அன்றோ!

கண்காட்சி நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் உணரிகளை எண்ணாதீர்கள், "இது எதற்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தவர்க்கே மதிப்பெண் தாருங்கள். தோழியரே, அக்கேள்வியை முதலில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி