திண்ணைத் தோழர்களும் நம் காலத்துத் தங்குமிடங்களும்

ஏழாயிரம்பண்ணை வட்டாரப் பட்டாசு ஆலைகளில், ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பது வாசலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் சுவர். 2021 பிப்ரவரி 12 அன்று அருகிலுள்ள அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. எழுத்தறிவின்மைதான் அதற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. ஆனால் இத்தகைய விபத்துக்குப் பின் நிவாரண மனு, வங்கிப் படிவம் என்று காகிதங்கள் வரிசைகட்டும்போது, கைநாட்டு வைப்பவர் பிறர் சொல்லை நம்புவதன்றி வேறு வழியற்றவர்.

உடல் முடங்கியோ கடனில் மூழ்கியோ வீட்டை இழந்து ஊரை விட்டுக் கிளம்புபவர் எங்கே ஒதுங்குவார்? அரசின் வீடற்றோர் தங்குமிடத் திட்டம் நகரங்களுக்கானது. ஆகவே ஏதேனும் ஒரு நகரத்துத் தங்குமிடத்தில்தான். அங்கே பாய் உண்டு, போர்வை உண்டு. எழுத்து உண்டா?

நாமும் அவர்களை மறந்துவிடவில்லை. ஜும்ஆவுக்குப் பின் உணவுப் பொட்டலம் தருகிறோம். ரமழானில் நோன்புக் கஞ்சி அனுப்புகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்ததென்று எண்ணுகிறோமே, அதுதான் பிழை.

மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கியிருந்த தோழர்கள் யார்? வீடும் உறவும் அற்ற ஏழைகள். அண்ணலார் (ஸல்) அவர்களுக்கு உணவு மட்டும் அளிக்கவில்லை. அவர்களுள் சிலருக்கு எழுத்தையும் குர்ஆனையும் தாம் கற்பித்ததாக உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் உள்ளது. பத்ருப் போரில் பிடிபட்டு, மீட்புத்தொகை தர இயலாத கைதிகள் அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர். கற்பதற்கும் கற்பிப்பதற்கும் அண்ணலார் (ஸல்) மத வேலி கட்டவில்லை, நாமும் கட்டலாகாது.

“முதலில் சோறு, பிறகு எழுத்து” என்பார் உளர். திண்ணையில் இரண்டும் ஒருசேர நடந்தன. “அரசுத் திட்டம் இருக்கிறதே” என்பார் உளர். இருக்கிறது, 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு நடக்கிறது. ஆனால் இன்று இங்கும் நாளை வேறெங்கோவும் உறங்குபவர், மாதக்கணக்கில் ஒரே மையத்துக்கு எப்படி வருவார்? இரவில் அவர் அருகில் இருப்பவர் தங்குமிட ஊழியர் ஒருவரே. அவரை நாம் காவலாளியாக மட்டுமே வைத்திருக்கிறோம்.

அவருக்குத் தேவை பட்டமன்று, பயிற்சி. சிறுவர் பாடநூலை முதியவர் கையில் திணிக்காமல், அவருடைய பெயரிலிருந்தும் பேருந்துப் பலகையிலிருந்தும் மாத்திரை அட்டையிலிருந்தும் தொடங்கும் முறை. ஓர் இரவிலேயே நிறைவுறும் சிறு பாடம். பிறர் முன் கூச்சப்படுத்தாத பேச்சு. படித்தால்தான் படுக்கை என்று மிரட்டாத பண்பு. 1990களின் அறிவொளி இயக்கத்தில் எளிய தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றே புதுக்கோட்டைப் பெண்களுக்கு எழுத்தைக் கொண்டு சேர்த்தனர். நம்மால் மட்டும் ஆகாதா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இல்லாத ஜமாஅத் உண்டா? ஒவ்வொரு ஜமாஅத்தும் அருகிலுள்ள தங்குமிடம் ஒன்றைத் தேர்ந்து, நிர்வாகத்தின் இசைவுடன் அதன் ஊழியர்க்குப் பயிற்சியளிக்கட்டும். பயிற்சிச் செலவையும், கூடுதல் நேரத்துக்கான ஊதியத்தையும் நம் ஸதகாவிலிருந்து தருவோம். ஏழை ஊழியரின் உழைப்பை இலவசமாய்க் கேட்பது நமக்கு அழகன்று.

ஓதுமாறு ஏவிய வஹீயை முதலாவதாகப் பெற்ற சமுதாயம் நாம். நம் வாசலில் உண்டு செல்பவர் கைநாட்டுடனேயே மடிந்தால், அதற்கு நாம் என்ன விடை சொல்லப்போகிறோம்?