கூடமும் கோணலாக இருக்கலாம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

இன்று ஐஸ் ஹாக்கியைப் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிப்பீர்கள். டொரோண்டோவில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தேன். வெளியே பனி, உள்ளே டிவியில் ஹாக்கி. மருமகனும் பேரனும் விளக்கம் சொல்லச் சொல்ல எனக்கும் ருசி பிடித்துவிட்டது. அதில் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே இல்லை. ஓர் அணியில் தேறமாட்டான் என்று பெயர் வாங்கிய ஆட்டக்காரன், வேறு அணிக்குப் போனதும் உச்சத்துக்குப் போய்விடுகிறான். அதே கை, அதே கால், அதே மட்டை. இது எப்படி?

இதற்கு நம்மிடம் இரண்டு பழமொழிகள் உண்டு. 'உள்ளூர் மாடு விலை போகாது' என்பது ஒன்று. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது இன்னொன்று. முதலாவது ஊரைக் குறை சொல்கிறது, இரண்டாவது ஆளைக் குறை சொல்கிறது. நம் பிள்ளை என்றால் முதலாவதைச் சொல்வோம், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால் இரண்டாவதைச் சொல்வோம். என்னைக் கேட்டால், பல நேரம் கூடம் நிஜமாகவே கோணல்தான். ஆனால் எது கோணல் என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டம் 60 நிமிடம். ஒரு நேரத்தில் பனித்தளத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும் இருப்பார்கள். தாக்கி ஆடுபவர்கள் மூன்று மூன்று பேராக நான்கு வரிசை. முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல் வரிசைக்காரனுக்கு ஓர் ஆட்டத்தில் 20 நிமிடம்வரை கிடைக்கும். நான்காம் வரிசைக்காரனுக்கு 10 நிமிடம் கிடைத்தாலே பெரிது. அவனுக்குப் பக்கத்தில் ஆடுகிறவர்களும் அவனைப் போன்ற கடைசி வரிசைக்காரர்களே. கோல் போடும் வாய்ப்பு அதிகம் வரும் நேரத்தில் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். வருடக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது, "இவன் கோலே போடவில்லை" என்பார்கள். குறைவாகக் கொடுத்துவிட்டு, குறைவாக வந்தது என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். கோணல் என்று நான் சொல்வது இதைத்தான்.

மார்ட்டின் செயின்ட் லூயி என்று ஒருவர். உயரம் 5 அடி 8 அங்குலம். அந்த ஆட்டத்தில் அது குள்ளம். கல்லூரியில் அருமையாக ஆடியும், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் நாளில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. பிறகு கால்கரி அணி ஒப்பந்தம் செய்தது. அங்கே பெரும்பாலும் எதிரணியைத் தடுக்கும் வேலைதான் கிடைத்தது. 69 ஆட்டங்களில் 4 கோல். 2000ஆம் ஆண்டு கால்கரி அவரை விட்டுவிட்டது. டாம்பா பே அணி எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2003-04 பருவத்தில், என்.எச்.எல். என்னும் அந்தப் பெரிய லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவரும், மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவரும் அவரே. அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டியில் டாம்பா பே யாரைத் தோற்கடித்தது தெரியுமா? கால்கரியை! ஆறாவது ஆட்டத்தில், கால்கரியின் சொந்த மைதானத்தில், கூடுதல் நேரத்தில் வெற்றி கோலைப் போட்டவரும் இவரேதான்.

இன்னொருவர் டொமினிக் ஹாஷெக், கோல்கீப்பர். செக்கோஸ்லோவாகியாவில் பெரிய பெயர். 1990இல் சிகாகோ அணிக்கு வந்தார். அங்கே எட் பெல்ஃபோர் என்ற இன்னொரு கோல்கீப்பர் அந்தப் பருவத்தின் 80 ஆட்டங்களில் 74இல் ஆடினார். ஹாஷெக்குக்கு இரண்டு பருவங்களிலும் சேர்த்துக் கிடைத்தது வெறும் 25 ஆட்டங்கள். 1992இல் அவரை பஃபலோ அணிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கும் உடனே கதவு திறக்கவில்லை. புகழ்பெற்ற கிராண்ட் ஃப்யூர் அங்கே வந்து சேர்ந்தார். 1993-94இல் ஃப்யூருக்குக் காயம் ஏற்பட்டபோதுதான் ஹாஷெக்குக்கு இடம் கிடைத்தது. அந்த வருடமே சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது. மொத்தம் ஆறு முறை அதை வாங்கினார். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் செக் நாட்டுக்குத் தங்கமும் வாங்கிக் கொடுத்தார்.

சிகாகோக்காரர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெல்ஃபோரும் அந்த நேரத்தில் வெசினா வாங்கியவர். கோல் வாசலில் ஒருவர்தான் நிற்க முடியும். ஆள் சரி, அணியும் சரி, அந்த இடத்தில் நாற்காலி ஒன்றுதான். அப்போது போவதைத் தவிர வேறு வழியில்லை. அதில் யாருக்கும் அவமானமும் இல்லை.

உடனே "அப்படியென்றால் இடம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1996இல் பிட்ஸ்பர்க்கும் வான்கூவரும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டன. மார்கஸ் நாஸ்லண்ட் வான்கூவருக்குப் போனார். அலெக் ஸ்டோயனோவ் பிட்ஸ்பர்க்குக்கு வந்தார். நாஸ்லண்ட் பிற்பாடு வான்கூவரின் கேப்டன் ஆனார், 2002-03இல் 48 கோல் போட்டார். ஸ்டோயனோவ் தன் என்.எச்.எல். வாழ்க்கை முழுவதிலும் போட்டது 2 கோல். அணி மாறியது இருவருமேதான். ஒருவரைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறார்கள். மாறியும் தேறாதவர்களின் கதையை யாரும் நமக்குச் சொல்வதில்லை. அதனால் மாற்றமே மருந்து என்று தோன்றிவிடுகிறது.

வயதையும் அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வில்லியம் கார்ல்சன் கொலம்பஸ் அணியில் 2016-17இல் 6 கோல் போட்டவர். அடுத்த வருடம் லாஸ் வேகாஸில் புதிய அணி தொடங்கினார்கள். மற்ற 30 அணிகளும் ஆளுக்கொருவரை அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படிப் போனவர் கார்ல்சன். அங்கே 43 கோல்! ஆட்ட நேரம் 13 நிமிடத்திலிருந்து 18 நிமிடத்துக்கு மேல் போனது. பக்கத்தில் ஆடிய மார்ஷஸோவும் ஸ்மித்தும் ஃப்ளோரிடா அணி விட்டுக்கொடுத்தவர்கள். அடுத்த வருடம் அதே கார்ல்சன் 24 கோல்தான் போட்டார். ஆக, 43இல் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது. ஆனாலும் 24 என்பது ஆறின் நான்கு மடங்கு. அந்தப் பங்கு அவருக்குக் கொடுத்த இடத்தால் வந்தது. வேண்டாம் என்று விடப்பட்டவர்களின் அந்த அணி முதல் வருடமே இறுதிப் போட்டிக்குப் போனது. 2023இல் கோப்பையையே வென்றது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? மே மாதம் வந்தால் போதும், "டீச்சர், பையனை இந்த ஸ்கூலிலிருந்து மாற்றிவிடலாமா?" என்று போன் வரும். வேலையை விடலாமா என்று கேட்டு எழுதும் என் மாணவர்களும் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது மூன்று கேள்விகள். போகிற இடத்தில் உனக்கு என்ன வேலை தருவார்கள்? எவ்வளவு நேரம் தருவார்கள்? ஒரு தப்பு செய்தால் அடுத்த வாய்ப்பு உண்டா? இந்த மூன்றில் ஒன்றாவது மாறினால் போ. சட்டையின் நிறம் மட்டும்தான் மாறும் என்றால் டி.சி. வாங்கி என்ன பயன்?

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள், சிலர் நாலு பேருக்கு மேலதிகாரிகள். உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். பல வகுப்புகளில் என்ன நடக்கிறது? நன்றாக வாசிக்கிற பிள்ளையைத்தான் எழுந்து வாசிக்கச் சொல்கிறார்கள். திக்கித் திணறுகிற பிள்ளைக்கு வாரத்துக்கு நாலு வரி கிடைத்தால் அதிகம். வருடக் கடைசியில் "இவனுக்கு வாசிக்கவே வராது" என்று பெற்றோரிடம் சொல்கிறார்கள். இதுவும் அந்த நான்காம் வரிசைக் கணக்குத்தான். ஹாக்கிக்காரனுக்காவது இன்னொரு அணி இருக்கிறது. ஊரில் ஒரே ஒரு பள்ளிக்கூடம் என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். யாருக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள். ஆபீஸில் இருப்பவர்களும் செய்யலாம். குறைவாக வாங்கியவனுக்கு அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் அப்போது பேசலாம்.

உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். பிழை இருந்தால் திருத்துங்கள், ஒரு காலத்தில் நான் உங்கள் நோட்டைத் திருத்தியதற்குப் பழி வாங்கிய மாதிரியும் இருக்கும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.